எறும்பு ஏறும் மரத்தைப் பார்: பழமரத்து அசுவினிக்கு அக்கா சொல்லும் வழி

தங்கச்சி, எலுமிச்சைக் குருத்து சுருண்டு கிடக்கிறது, இலையைத் தொட்டால் பிசுபிசு என்று ஒட்டுகிறது, என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். மருந்துப் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வை. நாளைக் காலையில் வெயில் ஏறுவதற்குள் மரத்தடிக்குப் போய், சுருண்ட இலை ஒன்றை விரித்துப் பார். கடுகைவிடச் சிறிய பூச்சிகள், பச்சையாகவோ பழுப்பாகவோ கறுப்பாகவோ, கூட்டமாக நகராமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது அசுவினி. செடிப்பேன் என்றும் சொல்வார்கள். பிள்ளைகள் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு போ. உடம்பின் பின்பக்கத்தில் மெல்லிய குழாய் இரண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இலை சுருண்டாலே அசுவினி என்று முடிவு கட்டி மருந்து அடிப்பவர்கள் அதிகம். எலுமிச்சை இலையின் மேல் வெள்ளி நிறக் கோடு வளைந்து வளைந்து ஓடியிருந்தால் அது இலைத்துளைப்பான் புழு. இலையின் தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்கிற புழுவுக்கு, நீ மேலே அடிக்கும் சோப்புத் தண்ணீர் போய்ச் சேராது. கொய்யாவில் பஞ்சு ஒட்டியது மாதிரி வெள்ளையாக இருப்பது பெரும்பாலும் மாவுப்பூச்சி, இல்லையென்றால் வெள்ளை ஈ. மாம்பூவில் கை வைத்தால் குபீரென்று பறப்பது தத்துப்பூச்சி. அதுவும் இலையைப் பிசுபிசுக்க வைக்கும். ஆனால் அதன் காலமும் வைத்தியமும் வேறு. ஆளைத் தெரிந்துகொண்டு பேச்சை ஆரம்பிப்போம்.

உன் தோட்டத்தில் எலுமிச்சை, மாதுளை, கொய்யா, பப்பாளி, வாழை என்று ஐந்தும் இருக்கிறது. அசுவினி ஐந்துக்கும் வரும். முதல் மூன்றில் அது சாறு குடிக்கும் பூச்சி. பொறுத்துக்கொள்ளலாம், குறைத்துக்கொள்ளலாம். பப்பாளியிலும் வாழையிலும் அது வைரஸைச் சுமந்து வரும் பூச்சி. அங்கே பொறுமை உதவாது. இந்த வித்தியாசம் மட்டும் உன் மனதில் நின்றுவிட்டால் எனக்குப் போதும். மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

ஏன் வருகிறது

அசுவினிக்கு முற்றிய இலை பிடிக்காது. இளங்குருத்தும் பூமொட்டும்தான் வேண்டும். ஊசி மாதிரியான வாயைக் குருத்துக்குள் இறக்கி, இலையில் தயாராகிக் கீழே இறங்கும் சர்க்கரைச் சாற்றைக் குடிக்கும். அந்தச் சாற்றில் சர்க்கரை நிறைய, அதன் உடம்பு வளரத் தேவையான தழைச்சத்து குறைவு. அதனால் தேவைக்கு மேல் குடித்து, மிஞ்சிய சர்க்கரையைப் பின்வழியாகத் துளித்துளியாக வெளியேற்றும். நீ தொட்டுப் பார்த்த பிசுபிசுப்பு அதுதான். அதன்மேல் கரும்பூசணம் வளர்ந்து இலை கறுத்துப்போகும். கறுப்பு படிந்த இலையில் வெளிச்சம் சரியாக இறங்காது, மரம் சோர்ந்துபோகும்.

இப்போது உரத்தைப் பார். யூரியாவோ மீன் அமிலமோ அள்ளிக் கொடுத்தால் மரம் தளதளவென்று குருத்து தள்ளும். அந்தக் குருத்துச் சாற்றில் தழைச்சத்து கூடியிருக்கும். அசுவினிக்கு நாமே இலை போட்டுப் பரிமாறின கணக்கு. இயற்கை உரம்தானே என்று மீன் அமிலத்தைக் கணக்கில்லாமல் ஊற்றுகிறவர்களுக்கும் இது பொருந்தும். பூச்சிக்கு அது யூரியாவில் வந்த தழைச்சத்தா, மீனில் வந்த தழைச்சத்தா என்ற பேதம் கிடையாது. மக்கிய தொழு உரத்தையும் வேப்பம்புண்ணாக்கையும் அடிப்படையாக வைத்துக்கொள். மற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடு. குருத்தில் ஏற்கெனவே அசுவினி தெரிந்தால் அந்த மாதம் தழைச்சத்து எதுவும் வேண்டாம்.

எலுமிச்சையில் அடிமரத்திலிருந்தும் தடித்த கிளையிலிருந்தும் நட்டுக்குத்தாக ஒரு கிளை வேகமாகக் கிளம்பும். இலை அகலமாக, முள் நீளமாக இருக்கும். அதுதான் போத்து. காய்க்காது, சத்தை மட்டும் இழுக்கும், அசுவினி முதலில் குடியேறுவதும் பெரும்பாலும் அதில்தான். பார்த்தவுடன் ஒடித்துவிடு. ஆனால் மரத்தை மொட்டையடிக்காதே. பலமாக வெட்டினால் ஒரே நேரத்தில் மரம் முழுக்கக் குருத்து வரும். அசுவினிக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது.

மழை முடிந்து, பனியும் மேகமூட்டமுமாக இருக்கும் கார்த்திகையிலிருந்து தை, மாசி வரைதான் நம் பக்கத்தில் இதன் ஆட்டம் அதிகம். பலத்த மழை அடித்துக் கழுவிவிடும், கோடை வெயில் சுட்டுக் குறைத்துவிடும். நடுவில் வரும் இந்த இதமான மாதங்களில் வாரம் இரண்டு தடவையாவது குருத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இதன் பெருக்கம் அப்படி. நம் மாதிரி வெப்ப நாட்டில் பெண் அசுவினி ஆண் துணை இல்லாமலே, முட்டையும் இடாமல், நேராகக் குட்டி போடும். பிறக்கும் குட்டியின் வயிற்றுக்குள்ளேயே அடுத்த தலைமுறை உருவாகத் தொடங்கியிருக்கும். ஒரு வாரம், பத்து நாளில் அந்தக் குட்டி தாயாகிவிடும். கூட்டம் நெருக்கடியானதும் இறக்கை முளைத்த அசுவினிகள் பிறந்து பக்கத்து மரத்துக்குப் பறந்துபோகும். ஒரு குருத்தில் இருக்கும்போது கையால் நசுக்கிவிடலாம். மரம் முழுக்கப் பரவிய பிறகு தெளிப்பானைத் தூக்க வேண்டிவரும்.

எறும்பைத் தடுத்தால் பாதி வேலை முடிந்தது

எறும்பு ஏறுவதை வைத்தே எந்த மரத்தில் அசுவினி இருக்கிறது என்று சொல்லிவிடலாம். காரணமில்லாமல் எறும்பு சாரை சாரையாக எலுமிச்சை மரத்தில் ஏறாது. அந்த வரிசை எந்தக் கிளையில் போய் முடிகிறது என்று பார்த்துக்கொண்டே போ, அசுவினிக் கூட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். எறும்பு அங்கே போவது இனிப்புத் துளியைக் குடிக்க. குடிப்பதோடு நிற்காது. அசுவினியைத் தின்ன வரும் பொறிவண்டையும் அதன் புழுவையும் கடித்துத் துரத்தும், முட்டையைத் தூக்கிப் போடும். காவல் நின்று பார்த்துக்கொள்ளும் கூட்டத்தை நீ எத்தனை தடவை கழுவினாலும் திரும்பத் திரும்பப் பெருகும். அதனால்தான் மருந்துக்கு முன்னால் எறும்பு என்கிறேன்.

செய்ய வேண்டியது இதுதான். தரையைத் தொடும் கிளைகளை நறுக்கிவிடு. அடிமரத்தின் கீழ்ப்பகுதியில், முழங்கால் உயரத்துக்கு, எதுவும் தொங்கக் கூடாது. மதில்சுவர், கொடிக்கம்பி, முட்டுக்கொடுத்த குச்சி, பக்கத்துச் செடியின் கிளை, இவை எல்லாமே எறும்புக்குப் பாலம். மரத்துக்கு ஏறும் வழி அடிமரம் ஒன்றுதான் என்று ஆக்கிவிட்டு, அங்கே தடுப்புப் போடு. ஒரு பழைய பருத்தித் துணியை அடிமரத்தில் இறுக்கமாகச் சுற்று, அதன்மேல் ஒரு சாண் அகலத்துக்கு பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டு, தாளின்மேல் கிரீஸ் தடவு. மரப்பட்டையில் நேராகக் கிரீஸ் தடவவே கூடாது. இளமரமாக இருந்தால் பட்டை வெந்து, அந்த இடம் செத்துப்போகும். துணி எதற்கு என்றால், பட்டையின் பள்ளங்களில் இடைவெளி இல்லாமல் அடைத்துக்கொள்ளும். துணி இல்லாவிட்டால் எறும்பு தாளுக்கு அடியில் புகுந்து மேலே போய்விடும். தூசியும் சருகும் ஒட்டிக் கிரீஸ் மூடிக்கொண்டால் அதுவே பாலமாகிவிடும், ஆகவே வாரத்துக்கு ஒருமுறை பார்த்து மறுபடி தடவு. குருத்துக் காலம் முடிந்ததும் கட்டை அவிழ்த்துவிடு. நிரந்தரமாகக் கட்டி வைத்தால் அடியில் ஈரம் கட்டும், மரம் பருக்கும்போது கட்டு இறுக்கும்.

தடுப்பு போட்ட பிறகும் மரத்தடியில் எறும்பு திரண்டு நின்றால், போரிக் பவுடர் இரை வை. ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீருக்குக் கால் தேக்கரண்டி பவுடர் போதும். கூடப் போட்டால் குடித்த எறும்பு புற்றுக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே செத்துவிடும். அது புற்று வரைக்கும் எடுத்துக்கொண்டு போய் மற்றவற்றுக்கும் ஊட்ட வேண்டும், அதுதான் இதன் சூட்சுமம். மூடி போட்ட டப்பாவில் சின்ன ஓட்டைகள் போட்டு, பஞ்சை நனைத்து உள்ளே வைத்து, குழந்தைக்கும் நாய் பூனைக்கும் எட்டாத இடத்தில் வை. புற்றில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று மரத்தின் வேர்ப் பக்கத்தில் ஊற்றிவிடாதே.

முசுறு என்கிற செவ்வெறும்பைப் பற்றியும் கேட்பாய். மாமரத்தில் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுமே, அது. அது புழுக்களை வேட்டையாடும் நல்ல காவல்காரன்தான். பெரிய மாமரத்தில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். எலுமிச்சைக்கும் கொய்யாவுக்கும் அது இறங்கி வந்து இனிப்புப் பூச்சிகளுக்குக் காவல் நிற்காதபடி, மரத்துக்கு மரம் கிளை உரசாமல் வெட்டி வை.

தண்ணீரும் கையும்

எறும்பைத் தடுத்த அன்றே தண்ணீர் வேலையைத் தொடங்கலாம். மோட்டார் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடி, இலையின் அடிப்பக்கம் படும்படி கீழேயிருந்து மேலாகப் பீய்ச்சி அடி. வாயைக் குருத்துக்குள் இறக்கி உட்கார்ந்திருக்கும் பூச்சி இப்படித் தெறித்து விழுந்தால், பெரும்பாலும் திரும்ப ஏறாது. காலையில் செய், வெயிலில் இலை காய்ந்துவிடும். மாலையில் நனைத்தால் இரவெல்லாம் ஈரம் நின்று வேறு நோய் வரும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை என்று இரண்டு வாரம் விடாமல் அடித்தால், வீட்டுத் தோட்டத்து எலுமிச்சைக்கும் மாதுளைக்கும் வேறு எதுவுமே தேவைப்படாமல் போகலாம். பூ விரிந்திருக்கும் கிளையில் மட்டும் பலமாக அடிக்காதே.

இறுகச் சுருண்ட குருத்துக்குள் தண்ணீரும் போகாது, மருந்தும் போகாது. அந்த நுனியைக் கிள்ளி, சோப்புத் தண்ணீர் உள்ள வாளியில் போடு. மரத்தடியில் போட்டுவிட்டு வராதே. கிள்ளுவதற்கு முன் உள்ளே விரித்துப் பார்ப்பது முக்கியம், ஏனென்றால் அங்கே நம் ஆட்கள் இருக்கலாம்.

கொல்லக் கூடாதவர்களின் முகம்

பொறிவண்டு எல்லோருக்கும் தெரியும். செம்மஞ்சள் முதுகில் கறுப்புப் புள்ளியோ கோடோ இருக்கும் உருண்டை வண்டு. அதன் புழுவைத்தான் பலருக்குத் தெரியாது. கறுப்பாக, முதுகில் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத் திட்டுகளோடு, ஒரு குட்டி முதலை மாதிரி இலையில் ஊர்ந்துகொண்டிருக்கும். பார்க்கப் பயமாக இருப்பதால், செடியைத் தின்கிற புழு இதுதான் என்று நசுக்கிவிடுகிறார்கள். வண்டைப் போலவே இந்தப் புழுவும் பெருந்தீனி தின்னும். வளர்ந்து முடிவதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தீர்த்துவிடும். இலையில் வாலை ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும் மஞ்சள் உருண்டை அதன் கூட்டுப்புழு. அதையும் சுரண்டாதே.

இன்னொரு ஏமாற்று வேலை உண்டு. அசுவினிக்கு நடுவே உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழையோடு ஒன்று வேகமாக ஓடினால், மாவுப்பூச்சி என்று நினைப்பாய். அது ஒரு சின்ன வகைப் பொறிவண்டின் புழுவாக இருக்கலாம். மாவுப்பூச்சி அவ்வளவு சுறுசுறுப்பாக ஓடாது, கூட்டமாக உட்கார்ந்தே இருக்கும். கால் இல்லாமல் பச்சையாகவோ பழுப்பாகவோ நெளியும் சின்னப் புழு, பூவின் மேல் அந்தரத்தில் நின்று பறக்குமே, அந்த ஈயின் பிள்ளை. அதுவும் அசுவினியைத் தின்றுதான் வளரும். மெல்லிய நூல்காம்பின் நுனியில் ஒவ்வொரு முட்டையாக நின்றால் அது கண்ணாடி இறக்கைப் பூச்சி வைத்தது. அசுவினிக் கூட்டத்திலேயே சில மட்டும் உப்பி, வைக்கோல் நிறத்தில் காகிதம் மாதிரி காய்ந்து, முதுகில் வட்டமான ஓட்டையோடு இருந்தால், குட்டிக் குளவி உள்ளே முட்டையிட்டு, அதன் பிள்ளை தின்று முடித்து வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். இப்படிப்பட்டவை கண்ணில் படும் கிளையில் எந்த மருந்தும் வேண்டாம். அங்கே வேலை நடந்துகொண்டிருக்கிறது.

இவர்களுக்குத் தோட்டத்தில் இடம் கொடு. கொத்தமல்லியில் கொஞ்சத்தைப் பூக்க விடு, அந்தச் சின்னப் பூக்களின் தேனுக்கு ஈயும் குளவியும் வரும். எலுமிச்சைக்குப் பக்கத்தில் ஒரு வரிசை தட்டைப்பயறு விதை. அதில் கறுப்பு அசுவினி கட்டாயம் வரும். பயப்படாதே, அந்தக் கூட்டத்தை நம்பிப் பொறிவண்டு வந்து குடும்பம் பெருக்கிக்கொண்டு எலுமிச்சைக்கும் வேலைக்கு வரும். பருத்தி விவசாயிகள் வரப்பில் தட்டைப்பயறு போடுவது இதற்குத்தான். ஆனால் பப்பாளி இருக்கும் பக்கம் தட்டைப்பயறு வேண்டாம், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். வேலியோரம் எருக்கஞ்செடி இருந்தால் அதன் குருத்திலும் பூவிலும் மஞ்சள் அசுவினி அப்பிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பாய். அந்த வகைக்கு எருக்கும் அரளியும்தான் பிரியம். அங்கே பொறிவண்டு மேய்ந்துகொண்டிருந்தால் நாலைந்தை இலையோடு கிள்ளி எடுத்து வந்து உன் எலுமிச்சையில் விடு. காசில்லாமல் கிடைக்கும் வைத்தியம்.

மஞ்சள் ஒட்டும் அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. இறக்கை முளைத்த அசுவினிக்கு மஞ்சள் நிறம் பிடிக்கும், வந்து ஒட்டும். எப்போது பறந்து வரத் தொடங்குகிறது என்று தெரிந்துகொள்ள நல்ல கருவி. அதை வைத்தே கட்டுப்படுத்திவிடலாம் என்று எதிர்பார்க்காதே. பொறிவண்டு அதிகம் ஒட்டத் தொடங்கினால் கழற்றிவிடு.

தெளிப்பு என்று வந்தால்

தண்ணீரும் பொறிவண்டும் போதவில்லை என்றால் வேப்பெண்ணெய். விவசாயிகளுக்கு 3 சதவீதம், அதாவது ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி என்று சொல்வார்கள். வீட்டுத் தோட்டத்தின் இளங்குருத்துக்கு 5 முதல் 10 மில்லியில் தொடங்கு. எண்ணெய் தண்ணீரோடு தானாகக் கலக்காது. காதி சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்து, அந்தக் கரைசலில் முதலில் எண்ணெயை ஊற்றிப் பால் மாதிரி ஆகும்வரை அடித்துவிட்டு, பிறகு மீதித் தண்ணீரைச் சேர். மேலே எண்ணெய் மிதந்தால் அதைத் தெளிக்காதே, இலை கருகும். துணி துவைக்கும் பவுடரைச் சோப்புக்குப் பதிலாகப் போடாதே. அதன் காரம் குருத்தைப் பொசுக்கிவிடும். முதலில் ஒரு கிளைக்கு மட்டும் அடித்து இரண்டு நாள் பொறுத்துப் பார், இலைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் மரம் முழுக்க அடி.

எண்ணெயைவிட எனக்கு வேப்பங்கொட்டைக் கரைசல்தான் பிடிக்கும். ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிரும்போது பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் காயவைத்துச் சாக்குப்பையில் போட்டு வை. பிளாஸ்டிக் பையில் பூசணம் பிடித்துவிடும். மூன்று மாதம் கழித்து எடுத்தால் கார்த்திகை, மார்கழிக்குச் சரியாக இருக்கும். எட்டு மாதத்துக்கு மேல் பழசானால் வீரியம் குறைந்துவிடும். ஓட்டை நீக்கின பருப்பை அரை கிலோ இடித்து, துணியில் முடிந்து இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடு. காலையில் பிழிந்து வடிகட்டிப் பத்து லிட்டராக்கி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துக்கொள். பால் வெள்ளையாக வந்தால் சரியான பதம். செய்த அன்றே தெளித்துவிட வேண்டும், மறுநாளைக்கு ஆகாது.

வெறும் தண்ணீர் காலையில் என்றாலும், மருந்து எதைத் தெளித்தாலும் மாலை நேரம்தான். வேம்பின் சத்து வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும், தேனீயும் அதற்குள் கூடு திரும்பியிருக்கும். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும், ஏனென்றால் பூச்சி அங்கேதான் இருக்கிறது. ஒரு வாரம், பத்து நாள் கழித்து மறுபடி ஒருமுறை. வேப்பெண்ணெய் பட்டதும் எல்லாம் செத்து விழும் என்று காத்திருக்காதே. வேம்பு தீனியைக் குறைத்து, தோலுரிப்பைக் கெடுத்து, பெருக்கத்தை அடக்கும். நாலைந்து நாளில்தான் வித்தியாசம் தெரியும்.

மழைக்காலத்துக் குளிர்ச்சியில் வெர்ட்டிசீலியம் லெக்கானி என்ற பூஞ்சாணப் பொடி நன்றாக வேலை செய்யும். லிட்டருக்கு 5 கிராம். அசுவினியின் உடம்பில் அந்தப் பூஞ்சாணம் வளர்ந்து அதைக் கொல்லும். காற்றில் ஈரம் இருந்தால்தான் வளரும், ஆகவே சித்திரை வெயிலில் வாங்கித் தெளித்துக் காசை வீணாக்காதே. பூஞ்சாணக்கொல்லி மருந்தோடு சேர்த்துக் கலக்கவும் கூடாது.

இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய்க் கரைசலைப் பலர் செய்கிறார்கள். செய்யலாம், நன்றாக வடிகட்டி, நிறையத் தண்ணீர் சேர்த்து. காரம் கூடினால் குருத்து வாடும். அடுப்புச் சாம்பலை அவரைக்கொடிக்குத் தூவுகிற மாதிரி சின்னக் கன்றுக்குத் தூவலாம், வளர்ந்த மரத்துக்கு அது எட்டாது. புகையிலைக் கரைசலை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவராதே. நாட்டு மருந்துதானே என்று சொல்வார்கள். அதில் இறங்குவது நிகோட்டின், தோல் வழியாகவே உடம்புக்குள் போகும் விஷம். பொறிவண்டையும் விட்டுவைக்காது. கடையில் கிடைக்கும் ஊடுருவிப் பாயும் ரசாயன மருந்துகளும் வீட்டுப் பழமரத்துக்கு வேண்டாம் என்பதுதான் என் முடிவு. மரம் முழுக்கப் பரவி, பூந்தேன் வரைக்கும் போய்த் தேனீயைப் பாதிக்கும் வகைகள் அதில் உண்டு. பெரிய தோப்பு வைத்திருப்பவர்களுக்கு வேறு வழியில்லாத நேரம் வரலாம். அவர்கள் வேளாண் அலுவலரிடம் கேட்டு, எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று பாட்டிலில் போட்டிருப்பதைப் படித்துவிட்டுச் செய்யட்டும்.

வாழை: இங்கே பொறுமை வேண்டாம்

வாழை அசுவினி பழுப்புக் கறுப்பாக, தண்டும் இலைமட்டையும் சேரும் இடுக்கிலும், விரியாத குருத்தின் அடியிலும், பக்கக்கன்றின் கழுத்திலும் ஒளிந்திருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. மட்டையை மெல்ல விலக்கிப் பார்க்க வேண்டும். எறும்பு அங்கேயும் காட்டிக்கொடுக்கும். அது குடிக்கிற சாற்றால் வாழைக்குப் பெரிய கேடு இல்லை. அது கொண்டுவரும் முடிக்கொத்து நோய்தான் கேடு.

இந்த நோய் 1889-ல் பிஜித் தீவில் முதன்முதலாகப் பதிவானது. 1940 வாக்கில் இலங்கையிலிருந்து கேரளத்துக்கு வந்து, அங்கிருந்து நம் பக்கம் பரவியது. கீழ்ப்பழனி மலையின் விருப்பாட்சி வாழைக்கு இது என்ன செய்தது என்று திண்டுக்கல் மாவட்டத்து மலைவாழை விவசாயிகளைக் கேட்டால் சொல்வார்கள். 1970-களில் 18,000 ஹெக்டேர் அளவில் இருந்த சாகுபடி, பிறகு 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன பழம் அது. விருப்பாட்சிக்கும் சிறுமலை வாழைக்கும் 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே மலைகளில், கடுகளவு கூட இல்லாத ஒரு பூச்சி ஒரு கன்றிலிருந்து இன்னொரு கன்றுக்குத் தூக்கிக்கொண்டு போன நோய், தோட்டம் தோட்டமாகக் காலி செய்திருக்கிறது. அதனால்தான் வாழை விஷயத்தில் நான் இவ்வளவு கண்டிப்பாகப் பேசுகிறேன்.

அடையாளம் சொல்கிறேன். இலைக்காம்பிலும் நடுநரம்பின் ஓரத்திலும் கரும்பச்சை நிறத்தில் புள்ளியும் கோடுமாகத் தெரியும். இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, அடிப்பக்கமாகப் பார்த்தால் நன்றாகத் தெரியும். அடுத்து வரும் இலைகள் குட்டையாக, குறுகலாக, ஓரம் மஞ்சளாக, விறைத்து மேல்நோக்கி நிற்கும். எல்லாம் உச்சியில் நெருங்கிக் கொத்தாகிவிடும். அப்படி ஆன வாழை தார் போடாது. போட்டாலும் உருப்படியாக வராது. மருந்து கிடையாது. அதே கிழங்கிலிருந்து வரும் கன்றெல்லாம் நோயோடுதான் வரும். பார்க்க நன்றாக இருக்கிறதே என்று ஒன்றை வைத்துக்கொள்ளாதே, யாருக்கும் கொடுக்கவும் செய்யாதே.

எடுக்கும் முறையிலும் ஒரு வரிசை இருக்கிறது. நேராக வெட்டிச் சாய்த்தால் அதிலிருக்கும் அசுவினி எல்லாம் பக்கத்து வாழைக்குப் போய்விடும். ஒருமுறை வைரஸை வாங்கிய அசுவினி உயிரோடு இருக்கும்வரை அதைப் பரப்பும். ஆகவே முதலில் வேப்பெண்ணெய்ச் சோப்புக் கரைசலைக் குருத்திலும் மட்டை இடுக்கிலும் வழிய வழிய ஊற்றி அசுவினியைச் சாகடி. பக்கத்துக் கன்றுகளுக்கும் தெளி. பிறகு கிழங்கோடு தோண்டி எடுத்து, துண்டு துண்டாக நறுக்கிக் காயவிடு. கிழங்கின் ஒரு துண்டு மண்ணில் மிஞ்சினாலும் அதிலிருந்து நோய்க்கன்று முளைக்கும், அடுத்த சில மாதங்களுக்கு அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டே இரு. புதிதாக வைப்பதற்கு, வைரஸ் சோதித்த திசு வளர்ப்புக் கன்றைத் தேடு. திருச்சியில் இருக்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்திலும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் இந்த வேலை நடக்கிறது, விசாரித்து வாங்கலாம்.

பப்பாளிக்கு வேறு கணக்கு

பப்பாளியில் அசுவினிக் கூட்டம் உட்கார்ந்திருப்பதைப் பெரும்பாலும் பார்க்க மாட்டாய். ஆனாலும் வளையப்புள்ளி வைரஸைக் கொண்டுவருவது அசுவினிதான். வேறெங்கோ போகிற வழியில் இறங்கி, சாறு பிடிக்கிறதா என்று ஒரு குத்து குத்திப் பார்த்துவிட்டுப் பறந்துவிடும். அந்தச் சில நொடியே போதும், வைரஸ் உள்ளே போய்விடும். எந்த மருந்தும் அதற்குள் அதைக் கொல்லாது. அதனால் பப்பாளியில் அசுவினிக்கு மருந்து தெளிப்பது பெரும்பாலும் வீண் செலவு.

இங்கே தடுப்புதான் வைத்தியம். நாற்றைப் பூச்சி புகாத வலைக்குள் வளர்த்து நடு. நாலு பக்கமும் இரண்டு வரிசை மக்காச்சோளம் முன்கூட்டியே விதைத்துவிடு. பறந்து வரும் அசுவினி முதலில் அதில் இறங்கி வாயைக் குத்தும்போது வாயின் நுனியில் ஒட்டியிருந்த வைரஸ் அங்கேயே கழிந்துவிடும். பூசணி, சுரை, வெள்ளரி, தர்பூசணிக் கொடிகளைப் பக்கத்தில் ஏற்றாதே, அந்த வைரஸ் அவற்றிலும் தங்கும். தட்டைப்பயறு வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணமும் இதுதான்: அதில் வளரும் கறுப்பு அசுவினியும் இந்த வைரஸைச் சுமக்கும். இலை மஞ்சள் திட்டுத் திட்டாகி நூல் மாதிரி ஒடுங்குவது, காம்பில் எண்ணெய் பட்டது போல் கரும்பச்சைக் கோடு, காயில் வளையம் வளையமாகத் தடம், இவற்றைக் கண்டால் அந்தச் செடியை அன்றே பிடுங்கிவிடு. காய் இருக்கிறதே என்று மனசு இழுக்கும். அந்த ஒரு செடியின் காய்க்காக மற்றதை எல்லாம் விட வேண்டியதாகிவிடும். வைரஸ் வந்த பப்பாளியின் பழத்தைச் சாப்பிட்டால் நமக்கு ஒன்றும் செய்யாது, ருசியும் இனிப்பும்தான் குறைவு.

எலுமிச்சையிலும் டிரிஸ்டீசா என்ற வைரஸை அசுவினி பரப்பும். அதனால் கன்று வாங்கும்போது நம்பகமான நாற்றங்காலில், தாய்மரம் எப்படி இருக்கிறது என்று பார்த்து வாங்கு. எந்தப் பழக்கன்றானாலும் வண்டியில் ஏற்றுவதற்கு முன் குருத்தைத் திருப்பி, தொட்டியின் அடியில் எறும்பு இருக்கிறதா என்று பார். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நேராக மரங்களுக்கு நடுவே வைக்காமல், இரண்டு வாரம் தனியாக ஒரு மூலையில் வைத்துக் கவனி.

கடைசியாக, வேப்பெண்ணெய் அடித்த மரத்துப் பழத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாயே. கொடுக்கலாம். தெளித்து ஒரு வாரம் விட்டுப் பறி, தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவு. கரும்பூசணம் படிந்த எலுமிச்சையையும் மாதுளையையும் தூக்கிப் போடாதே. அது தோலோடு நின்றுவிடும், உள்ளே போகாது. ஈரத்துணியால் துடைத்தால் பழம் பளிச்சென்று வந்துவிடும்.